வீரய்யாவின் இடது முழங்கால்

ஹட்டன்
12 ஜூன் 1955

திருமதி அசீசா அவர்களுக்கு,

கந்தப்பளைக் கடைத்தெருவில் என்னைப் பற்றிப் பேசப்படுவதை பஸ் கண்டக்டர் அழகுமுத்து வந்து சொன்னான். பேசப்படுவது தவறு. அந்தப் பேச்சு உங்கள் கடை வாசலிலிருந்து கிளம்புகிறது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

வீரய்யாவை நான் உங்கள் அணியிலிருந்து களவாடிக்கொண்டு வரவில்லை. போன மார்ச் மாதம் அவனே ஹட்டனுக்கு வந்து, என் வாசலில் நின்று, இங்குள்ள தோட்டத்தில் தொழிற்சாலை வேலை கிடைக்குமா என்று கேட்டான். நான் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒழுக்கமானவன் என்றும், பின்வரிசையில் தடுத்து ஆட இந்த மலைப்பகுதியில் அவனைவிட நல்ல புல்பேக் கிடையாது என்றும் எழுதினேன். இரண்டும் உண்மை. துரை உதைபந்தாட்டப் பிரியர், வேலை கொடுத்தார். ஹட்டன் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. இதில் களவு எங்கே வந்தது?

அவன் கால் முறிந்துவிட்டது என்பதும் பொய். ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் அணியோடு ஆடும்போது, இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடத்தில், சேற்றில் இடது முழங்கால் திருகிக்கொண்டது. நான் வேலியோரம் குடையோடு நின்று பார்த்தேன். தோட்டத்து மருந்து ஐயா ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருக்கிறார். ஓகஸ்ட் 28ஆம் திகதி உங்கள் மைதானத்தில் நடக்கும் கேடய இறுதியாட்டத்துக்கு ஹட்டன் அணி வந்தால், வீரய்யா அதில் நிற்பான்.

பெரிய கிளாக்கருக்குத் தோட்டம் தரும் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கோபத்தில் நான் ஊரை விட்டுப் போனேன் என்கிறார்களாம். என் கணவர் இறந்த பிறகு அந்த வீடு அடுத்த பெரிய கிளாக்கருக்கு உரியது. அதில் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

இதை உங்கள் வாசல் பெஞ்சில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
ரெஜினா அருமைநாயகம்


கந்தப்பளை
19 ஜூன் 1955

ரெஜினாவுக்கு அசீசா எழுதிக்கொள்வது,

வாசித்துக் காட்டச் சொன்னாய், காட்டினேன். என் மகன் ராசிக் அரிசி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். முடிவெட்டுகிற செல்லசாமி, தன் கடையில் இருப்பதைவிட எங்கள் பெஞ்சில் இருப்பதுதான் அதிகம், அவன் முழுவதும் கேட்டுவிட்டு, "ஆறு வாரமாமா? முட்டி திருகின மாடு மறுபடி வண்டி இழுத்து நான் பாத்ததில்லீங்க முதலாளி. ஹட்டன்காரவுங்க பல்லைப் புடிச்சுப் பாத்திருக்காங்க, காலைப் பாக்க மறந்துட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் பந்தைத் தலையால் முட்டிவிட்டு எப்போதும் இடது காலில்தான் இறங்குவான். ஜன்னலிலிருந்து எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். என்றைக்காவது அந்தக் கால்தான் போகும் என்று எனக்குத் தெரியும்.

அது கிடக்கட்டும். நான் எந்த நாளிலிருந்து உனக்கு 'நீங்கள்' ஆனேன்? ஒன்பது வயதில் கொன்வென்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். பன்னிரண்டில் வாப்பா என்னைப் படிப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனபோது படியில் நின்று அழுதவள் நீ. பிறகு உன் புருஷன் மாற்றலாகி கந்தப்பளைக்கே வந்தார். நான் மைதானத்துக்கு இறங்க முடியாது என்று நீ எங்கள் கடை மேல்மாடிக்கு ஏறி வந்தாய். இருபத்திரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஒரே ஜன்னலில் பார்த்தோம். இப்போது 'திருமதி அசீசா அவர்களுக்கு'.

வீரய்யாவின் பெண்சாதி வேலாயி கருவாடு வாங்க வருவாள். புருஷன் பேச்சை எடுக்க மாட்டாள். போன கிழமை மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டிக்கொண்டே, "உம்மா, ஹட்டன் பக்கம் மழைங்களா?" என்றாள். "பெய்யுதாம்" என்றேன். போய்விட்டாள்.

பெரிய கிளாக்கரின் பெண்சாதிக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. பழைய தோட்டம் விடுவித்துத் தரும் பத்துச்சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தாளை இன்னொரு தோட்டத்தில் பதிய மாட்டார்கள். அந்தச் சீட்டில் குடும்பமே ஏற வேண்டும். நீ வீரய்யா ஒருத்தனுக்குக் கேட்டாய், அவன் பேர் மட்டும் ஏறியது. வேலாயி நல்ல தேயிலைக் கொழுந்துக்காரி, இங்கத்தைய துரை அவளை விட மாட்டேன் என்று நிற்கிறார். அவன் அங்கே, அவள் இங்கே.

பதினைந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைசியில் எழுதினாய், ஒரு முழங்காலைப் பற்றி.

அசீசா


ஹட்டன்
27 ஜூன் 1955

அன்புள்ள அசீசா,

ஒரு வரி இல்லை என்றது சரியல்ல. நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து மடல் அனுப்பினேன். முகவரி சரி, முத்திரை சரி, திரும்பி வரவில்லை. ஆகவே உனக்குக் கிடைத்திருக்கிறது.

பத்துச்சீட்டில் பிழை என்னுடையதுதான். இங்கே வேண்டியிருந்தது ஒரு புல்பேக், நானும் ஒரு புல்பேக்குக்காகவே எழுதினேன். என் கணவருடைய மேசையில் அந்தச் சீட்டுகளை முப்பது வருஷம் பார்த்தவள் நான். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று ஒரே தாளில் வரிசையாகப் பேர் இறங்கும். அது நினைவுக்கு வரவில்லை. வேலாயியையும் விடும்படி உங்கள் துரைக்கு ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன். முடியாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

முழங்கால் வீக்கம் வற்றுகிறது. நான் தினமும் காலை பத்து மணிக்கு அவன் இருக்கும் தொழிலாளர் லயத்துக்குப் போய் ஒத்தடம் ஒழுங்காகக் கொடுக்கிறானா என்று பார்க்கிறேன். இங்கேயும் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அணியின் செயலாளர் சின்னராசா தையல்காரர். அவருடைய கடையில்தான் வழக்கு நடக்கும். நேற்று என்னை வழியில் மறித்தார்.

"மூணு வாரம் போயிருச்சுங்கம்மா. நாட்டு வைத்தியரு வெதமாத்தயாகிட்ட எண்ணெய் வாங்கி இறுக்கிக் கட்டினா ஒரு பாதியாவது ஆட மாட்டானா?"

"நீங்கள் காற்சட்டைக்கு ஒரு கால் மட்டும் தைத்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன்.

கடைக்குள்ளே பொத்தான் கட்டிக்கொண்டிருந்தவன் எனக்குக் கேட்கும்படியே, "நாம வாங்கினது புல்பேக்குன்னு நெனச்சோம். மாமியாரையும் சேத்துல்ல குடுத்திருக்காங்க" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். பொத்தான் கீழே விழுந்தது.

ஒத்தடம் கொடுக்கும்போது வீரய்யா கந்தப்பளையைப் பற்றிப் பேசுவான். எந்த மலையில் முதலில் பனி இறங்கும், எந்த ஊற்றுப் பீலித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் என்று சொல்வான். நான் குறுக்கே பேசுவதில்லை. உங்கள் ஜன்னலுக்கு எதிரே நின்ற சவுக்கு மரத்தை வெட்டிவிட்டார்கள் என்றான். அப்படியானால் மைதானத்தின் இடது மூலை இப்போது தெரிகிறதா?

ரெஜினா


கந்தப்பளை
6 ஜூலை 1955

ரெஜினாவுக்கு,

தெரிகிறது. இருபத்திரண்டு வருஷம் அந்த மரத்தைத் திட்டினோம், இப்போது மூலை பளிச்சென்று தெரிகிறது. அங்கே ஒன்றும் நடப்பதில்லை. பந்து வெளியே போனால் ஆட்டுக்குட்டி ஓடும், அவ்வளவுதான். பக்கத்தில் நீ இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சிரித்திருப்போம்.

உன் மடல் கிடைத்தது. பதில் போடவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டே முத்திரையைப் பற்றி எழுதுகிறாய்.

உன் புருஷன் போன நாற்பதாம் நாள் உன்னை மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னல் அறையைக் கழுவி, கட்டில் போட்டு, திரைச்சீலை மாட்டியிருந்தேன். உன் மாதா சுருவம் வைக்க ராசிக் தன் கையால் சுவரில் தட்டு அடித்திருந்தான். எங்கள் வீட்டுச் சுவரில், ரெஜினா. பள்ளிவாசல் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட அவன் யோசிக்கவில்லை. நீ சுற்றிப் பார்த்தாய். அவன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, "நான் யார் வீட்டுச் சரக்கறையிலும் கிடக்க மாட்டேன்" என்றாய். அடுத்த கிழமை சொல்லிக்கொள்ளாமல் ஹட்டனுக்குப் போய்விட்டாய்.

ராசிக் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வேலாயி மறுபடி மழையைக் கேட்டாள். வீரய்யாவின் இடத்தில் இப்போது நிற்கிறவன் பந்து வந்தால் ஒதுங்கி வழி விடுகிறான். "அவனுக்கு நல்ல மரியாதை தெரியுங்க" என்கிறான் செல்லசாமி. அப்படியும் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

அசீசா


ஹட்டன்
17 ஜூலை 1955

அன்புள்ள அசீசா,

இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். முதலாவதில் நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதினேன். சொன்னேன். இரண்டாவதில் துக்கத்தில் சொன்னேன் என்று எழுதினேன். அதுவும் முழு உண்மையல்ல. அறை நன்றாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் நடுக்கோடு வரை தெரியும் என்று பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். அப்படி ஆசைப்பட்டது எனக்கே பிடிக்கவில்லை. ஒருவர் தயவில் இருப்பவள் என்று யாரும் என்னைப் பார்த்ததில்லை. அதனால் அப்படிச் சொன்னேன்.

அது சரக்கறை அல்ல. ராசிக்கிடமும் இதைச் சொல்.

இனி முழங்கால். இன்றோடு ஆறு வாரம். மருந்து ஐயா மடக்கி நீட்டிப் பார்த்து, கால் சரியாகிவிட்டது என்றார். ஆனால் வீரய்யா நொண்டுகிறான். உட்கார்ந்தால் நோவு, நின்றால் நோவு என்கிறான். கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கூட்டம். முடிந்துபோன ஆள் என்று இன்னொரு கூட்டம். சின்னராசா நயமாகவே சொன்னார்: "ஆடத்தான்ங்கம்மா துரை பேர் போட்டாரு. இறுதியாட்டத்துல நிக்கலேன்னா வச்சிருக்க மாட்டாரு." அவனுக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை, அங்கே பேர் வெட்டியாயிற்று. எனவே செயற்குழுவுக்குப் போய், இந்த முழங்கால் இன்னும் ஆறவில்லை, இதற்கு நான் பொறுப்பு என்றேன். என் வார்த்தையை நம்பி இன்னும் நான்கு வாரம் கொடுத்தார்கள்.

ரெஜினா


கந்தப்பளை
2 ஓகஸ்ட் 1955

அன்புள்ள ரெஜி,

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பம் அழகுமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். பாதி வழியில் அவன் சாப்பிடாவிட்டால் உனக்கு வரும்.

நீ எழுதியதை ராசிக்கிடம் வாசித்தேன். "சரி உம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க அந்தத் தட்ட சரியா பாத்தாங்களா? ஒரு பக்கம் சாய்ஞ்சு போச்சு" என்றான். அவன் மனம் ஆறிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டு அணியும் இறுதிக்கு வந்தாயிற்று. வாசலில் வேறு பேச்சே இல்லை. வீரய்யா வருவானா வரமாட்டானா என்று செல்லசாமி பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்து வாதாடுகிறான்.

நான் கேட்பது வேறு. எனக்கு நாலு வருஷமாக முட்டிவலி, அதில் நான் தேறினவள். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் உயிர் போகும். அவன் ஏற்றத்தில் நொண்டுகிறானா, இறக்கத்தில் நொண்டுகிறானா? நீ வருவது தெரியாதபோது எப்படி நடக்கிறான்? கொன்வென்டிலும் நீ இப்படித்தான், சொன்ன பாடம் எல்லாம் ஒப்பிப்பாய், சொல்லாததைப் பார்க்க மாட்டாய்.

வேலாயி இப்போது மழையைக் கேட்பதில்லை. போன ஞாயிறு சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போனாள், தான் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு வெள்ளை அடிக்கிறாளாம். தனியாக இருக்கிறவள் எதற்கு வெள்ளை அடிக்கிறாள்?

அசீசா


ஹட்டன்
14 ஓகஸ்ட் 1955

அன்புள்ள அசீசா,

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதிலாக எட்டு மணிக்கே போனேன். லயத்துக்குக் கீழே பீலி இருக்கிறது, அங்கிருந்து செங்குத்தாக முப்பத்தெட்டுப் படி. வீரய்யா இரண்டு கையிலும் வாளி நிறையத் தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தான். ஒரு துளி சிந்தவில்லை. மேலே வைத்துவிட்டு, வெறும் வாளியோடு இறங்கி, மறுபடி ஏறினான். நான் படியின் தலைப்பில் நின்றேன்.

"வீரய்யா."

"அம்மா." வாளியை வைத்தான். வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் இரண்டடி நொண்டினான். பிறகு நின்றுவிட்டான்.

"எத்தனை நாளாக?"

"ஒரு மாசமா நல்லாத்தாங்கம்மா இருக்கு."

"நான் உனக்காகச் செயற்குழுவில் போய் வாக்குக் கொடுத்தேன்."

"தெரியுங்கம்மா. அதுலதான் எனக்குத் தூக்கமே இல்லாமப் போச்சு." தலையைத் தூக்கவில்லை. "ஓடி ஆடினா என்னை விடமாட்டாங்க. நொண்டினா, இவன் ஆகமாட்டான்னு சீட்டக் குடுத்துத் தொரத்திருவாங்கன்னு நெனச்சேன். தொரத்தினா வீட்டுக்குப் போயிரலாம். தோட்டத்துச் சங்கத் தலைவர் கைய கால புடிச்சு அங்க மறுபடி பேர் பதிஞ்சிருவேன்னு அவகிட்ட சொல்லியனுப்பிட்டேங்க."

"இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க பாத்துப் பாத்து ஒத்தடம் குடுக்க வச்சீங்க. எப்படிங்கம்மா சொல்றது?"

தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் சின்னராசாவின் கடைக்குப் போனேன். "வீரய்யா இனி ஹட்டனுக்கு ஆட மாட்டான். அவனுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்" என்றேன்.

"அம்புட்டு மோசமாங்கம்மா காலு?"

"நான் காலைப் பற்றிச் சொல்லவில்லை. ஆட மாட்டான் என்றேன்."

அவர் தனக்குப் புரிந்தபடி புரிந்துகொண்டார். மிஷினை நிறுத்திவிட்டு, "பாவங்கம்மா, சின்ன வயசு" என்றார். நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஆனாலும் அது பொய். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

ராசிக் தலைவரிடம் ஒரு வார்த்தை பேசினால் வீரய்யா மறுபடி அங்கே பேர் பதியலாம். காம்பரா இருக்கிறது, வெள்ளையும் அடித்தாயிற்று. இது அவனுக்காகக் கேட்கிறேன்.

ரெஜினா


கந்தப்பளை
20 ஓகஸ்ட் 1955

அன்புள்ள ரெஜி,

வந்துவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு குதித்தான். இடது காலில்தான் குதித்தான். செல்லசாமி கத்தியைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடிவந்து, "மாடு வண்டி இழுக்கும்போல இருக்கே" என்றான். ராசிக் முதல்நாளே தலைவரிடம் பேசி முடித்திருந்தான். நேற்றுக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் இவன் பேர் கூப்பிட்டார்களாம். வேலாயி கடைக்கு வந்தாள், கருவாடு இரண்டு பங்கு கேட்டாள். முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஹட்டனுக்குப் பதிந்தவன் என்பதால் இறுதியாட்டத்தில் எங்களுக்கும் அவன் ஆட முடியாது. இத்தனை வாதாட்டம் நடந்த முழங்கால் அன்றைக்கு வேலியோரம் நின்று பார்க்கப்போகிறது.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "அம்மா நல்லாருக்காங்க உம்மா" என்றான். பிறகு, "நான் பொறப்படுறப்ப பஸ்ஸுக்கு வந்து நின்னாங்க. பஸ் போனப்புறமும் நின்னாங்க" என்றான்.

ரெஜி, நான் ஒருதரம் கேட்டேன், கிடைத்த பதில் உனக்கும் தெரியும். நான் இரண்டாம் தரம் கேட்க மாட்டேன். எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறது, அது ராசிக்குக்காக. மற்றபடி இந்த ஜன்னலில் தனியாக இருந்து ஒரு கோலைப் பார்ப்பது பெரிய சங்கடமாக இருக்கிறது. யாரிடம் திரும்புவது என்று தெரியவில்லை.

அசீசா


ஹட்டன்
23 ஓகஸ்ட் 1955

அன்புள்ள அசீசா,

ஜூன் மாதம் எழுதிய கடிதத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். வீரய்யா தானாக வந்து என் வாசலில் நின்றான் என்று எழுதியிருந்தேன். நின்றது உண்மை. ஆனால் ஹட்டனில் வேலை இருக்கிறது, வந்து என்னைப் பார் என்று அதற்கு முன் அழகுமுத்துவிடம் சொல்லியனுப்பியவள் நான். கடைத்தெருவில் நீங்கள் பேசிக்கொண்டதுதான் சரி. வாசல் பெஞ்சுக்கும் இதை வாசித்துக் காட்டு.

ஹட்டன் அணிக்காக நான் அதைச் செய்யவில்லை. இங்கே வந்து ஒரு வருஷமாகியும் நான் கந்தப்பளை என்ற பேரைச் சொல்லிப் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. அங்கிருந்து ஒருவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு பெண்சாதி இருப்பதை நான் நினைக்காமல் போனதற்கும் அதுதான் காரணம். முழங்காலைப் பார்க்கத் தினமும் போனேன் என்று எழுதினேனே, முதல் மூன்று வாரம்தான் முழங்காலுக்காகப் போனேன்.

இப்போது பத்து மணிக்கு எனக்குப் போக இடமில்லை.

வீரய்யா வீட்டுக்குப் போக நொண்டிப் பார்த்தான். எனக்கு அந்த வழி இல்லை. கேட்கத்தான் வேண்டும். நீ இரண்டாம் தரம் கேட்க வேண்டாம், நான் கேட்கிறேன். ஜன்னல் அறை காலியாக இருக்கிறதா? இருந்தால், நான் வரலாமா? இறுதியாட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அல்ல, இருப்பதற்கு. ராசிக்கிடமும் கேட்டுத்தான் நீ பதில் சொல்ல வேண்டும். அவன் வேண்டாம் என்றால் அது நியாயம்தான், நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். வருத்தப்படுவேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். அழகுமுத்துவிடம் வாயால் சொல்லியனுப்பாதே. வா என்றாலும் வராதே என்றாலும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ரெஜி